எப்.ஏ. தோற்ற ராமானுஜம்

தேனிப் பக்கத்தில் ஓடைப்பட்டி என்று ஓர் ஊர் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கைச் சேர்ந்தது. விதையில்லாத் திராட்சைக்குப் பெயர் பெற்ற ஊர். அங்கே திராட்சை போடுகிறவர்கள் முதலில் குழி தோண்டுவார்கள். கல்கால் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போடுவார்கள். எரு வைப்பார்கள். தண்ணீர் பாய்ச்சுவார்கள். இத்தனை செலவும் செய்துவிட்டு, முதல் வருஷம் ஒரு கொத்துக்கூட எதிர்பார்க்கமாட்டார்கள். கொடி பந்தலில் ஏறிப் படரட்டும் என்று விட்டுவிடுவார்கள். காய்க்கவில்லையே என்று கோபப்பட்டுக் கொடியை வெட்டி எறிகிற சம்சாரியைப் பார்க்க முடியாது.

பிள்ளைகள் விஷயத்தில் இந்தப் பொறுமை எல்லாருக்கும் இருப்பதில்லை. பள்ளிக்கூடத்தில் முதல் மார்க் வாங்கிய பையனை ஊரே தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். அவன் உத்தமபாளையத்துக்கோ மதுரைக்கோ கல்லூரிக்குப் போவான். அங்கே முதல் வருஷமே தோற்றுவிட்டால், கொண்டாடிய அதே ஊர் உதட்டைப் பிதுக்கும். பையன் படிப்பு அதோடு சரி.

உலகம் புகழும் கணித மேதை சீனிவாச ராமானுஜம் அப்படித் தோற்ற பையன்தான். ஒரு தடவை அல்ல. கல்லூரியில் மூன்று தடவை சறுக்கினார். அவர் எப்படிக் கணக்குப் போட்டார் என்பதைப் பற்றி எத்தனையோ புத்தகங்கள் வந்துவிட்டன. அவர் தோற்றுக் கிடந்த வருஷங்களில் அவரைக் கைவிடாமல் வைத்திருந்தவர்கள் யார்? இங்கே சொல்லப்போவது அந்தக் கதை.

துணிக்கடை குமாஸ்தா மகன்

ராமானுஜம் 1887-ம் வருஷம் டிசம்பர் 22-ந் தேதி ஈரோட்டில், தாய்வழிப் பாட்டி வீட்டில் பிறந்தார். வளர்ந்தது கும்பகோணத்தில். தகப்பனார் சீனிவாச ஐயங்கார் அங்கே ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதினார். மாதச் சம்பளம் சுமார் 20 ரூபாய். தாயார் கோமளத்தம்மாள் கோவிலில் பஜனை பாடுவார். அதில் கொஞ்சம் காசு வரும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் சிறிய வீடு. வெளியூரிலிருந்து படிக்க வந்த கல்லூரி மாணவர்கள் இரண்டு பேருக்கு அந்தச் சிறிய வீட்டிலேயே இடம் கொடுத்துச் சாப்பாடும் போட்டார்கள். அப்போதுதான் குடும்பம் நடக்கும்.

பத்து வயதில், 1897-ல், ஆரம்பப் பள்ளிப் பரீட்சையில் தஞ்சை ஜில்லாவிலேயே முதலாவதாகத் தேறினார். பிறகு டவுன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்தார். வீட்டில் தங்கியிருந்த கல்லூரி மாணவர்கள் தங்களுக்குத் தெரிந்த கணக்கை எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். சீக்கிரமே அவர்களிடம் சரக்குத் தீர்ந்துவிட்டது. கல்லூரியில் படிக்கும் கோணக்கணிதப் புத்தகத்தை அவர்களிடம் இரவல் வாங்கினார். அதைக் கரைத்துக் குடித்தபோது வயது பதிமூன்று.

பள்ளிக்கூடத்தில் ஆயிரத்து இருநூறு மாணவர்கள். ஆசிரியர்கள் முப்பத்தைந்து பேர் அளவில். யாருக்கு எந்த வகுப்பு, எந்த நேரம் என்று அட்டவணை போடுவது பெரிய தலைவலி. மூத்த கணக்கு வாத்தியார் கணபதி சுப்பையர் அந்த வேலையை இந்தப் பையனிடம் ஒப்படைத்தார். மற்ற பையன்களுக்கு அவனைக் கண்டால் ஒரு மரியாதை, கொஞ்சம் பயம்.

1904-ல் பள்ளிப் படிப்பு முடிந்தது. கணிதத்துக்கான ரங்கநாத ராவ் பரிசு அவருக்குத்தான். பரிசளிப்பு விழாவில் தலைமை ஆசிரியர் கிருஷ்ணசாமி ஐயர், நூற்றுக்கு நூறுக்கும் மேலே மார்க் கொடுக்க வழியிருந்தால் அதையும் கொடுக்கவேண்டிய மாணவர் என்று சபையில் அறிமுகப்படுத்தினார். கும்பகோணம் அரசாங்கக் கல்லூரி உபகாரச் சம்பளம் கொடுத்து அவரைச் சேர்த்துக்கொண்டது. அந்தக் கல்லூரிக்குத் 'தென்னாட்டுக் கேம்பிரிட்ஜ்' என்று பெயர். அதில் இடம் கிடைத்து, படிப்புக்குப் பணமும் கிடைத்துவிட்டது. குமாஸ்தா மகனுக்கு இனி என்ன குறை என்றுதான் எல்லாரும் நினைத்திருப்பார்கள்.

ஒரு புத்தகம் செய்த வேலை

பள்ளியை விடுவதற்கு முந்திய வருஷம் அவர் கைக்கு ஒரு தடித்த புத்தகம் வந்தது. கார் என்ற இங்கிலீஷ்காரர் பரீட்சை எழுதுகிறவர்களுக்காகத் தொகுத்தது. ஆயிரக்கணக்கான கணித முடிவுகளை வரிசையாக அடுக்கியிருந்தார். இது ஏன் சரி, எப்படி வந்தது என்ற விளக்கம் அநேகமாகக் கிடையாது. விடை மட்டும் இருக்கிறது, வழியைக் காணோம். வேறு பையனாக இருந்தால் மூடி வைத்திருப்பான். ராமானுஜம் ஒவ்வொன்றுக்கும் தாமே வழி கண்டுபிடிக்க உட்கார்ந்தார். அப்படிப் போகும்போது புத்தகத்தில் இல்லாத புதிய முடிவுகளும் அகப்பட்டன. அவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டார்.

அதிலிருந்து வேறு எதிலும் மனம் செல்லவில்லை. கல்லூரியில் இங்கிலீஷ் பாடம் நடக்கும். அவர் கணக்குப் போடுவார். சரித்திரம் நடக்கும், அப்போதும் கணக்குத்தான். வருஷக் கடைசியில் இங்கிலீஷில் தேறவில்லை. மேல் வகுப்புக்குப் போக முடியாது என்று நிறுத்தினார்கள். உபகாரச் சம்பளமும் போயிற்று.

தாயார் சும்மா இருக்கவில்லை. கல்லூரித் தலைவரிடம் நேரில் போய் முறையிட்டார். கணக்கில் இப்படிப்பட்ட பையனுக்குச் சம்பளத்தை நிறுத்தலாமா என்று கேட்டார். தலைவர் மரியாதையாகப் பதில் சொன்னார். விதியைத் தளர்த்த முடியாது என்றுவிட்டார்.

அவர் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஒருவன் தோற்றால் அந்தப் பணம் வேறொரு ஏழைப் பையனுக்குப் போகவேண்டும் என்பதற்காகத்தானே விதி இருக்கிறது! ஆனாலும் அந்த அறையில் அன்று ஒருவராவது நோட்டைத் திறந்து பார்த்திருக்கலாம் என்று இப்போது நமக்குத் தோன்றுகிறது.

கல்லூரிக் கட்டணம் ஒரு பருவத்துக்கு 32 ரூபாய். தகப்பனாரின் ஒன்றரை மாதச் சம்பளம். கொஞ்ச நாள் இழுத்துப் பறித்துப் பார்த்தார்கள். 1905-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் பையன் வீட்டில் சொல்லிக்கொள்ளாமல் ரயில் ஏறிவிட்டான். போனது விசாகப்பட்டினம் பக்கம். பெற்றோர் பதறிப்போனார்கள். காணாமற்போன பையனைப் பற்றிப் பத்திரிகையில் அறிவிப்பு வந்தது. தகப்பனார் ஊர் ஊராகத் தேடினார். ஒரு மாதம் போல் கழித்துப் பையன் வீடு வந்து சேர்ந்தான். அப்போது வயது பதினேழு.

மறுபடியும், மறுபடியும்

1906-ல் சென்னைக்கு வந்து பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். கணித ஆசிரியர் அவர் நோட்டைப் பார்த்துவிட்டுத் தலைவரிடம் அழைத்துப் போனார். கட்டணத்தில் சலுகை கிடைத்தது. சிங்காரவேலு முதலியார் என்ற மூத்த பேராசிரியர் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு, கணிதப் பத்திரிகைகளில் வரும் புதிர்களை இருவருமாகப் போட்டுப் பார்ப்பார். பேராசிரியருக்கு வராத கணக்கு மாணவருக்கு வருவதும், மாணவருக்கு வராதது பேராசிரியருக்கு வருவதும் உண்டு.

ஆனால் எப்.ஏ. பரீட்சையில் கணிதம் மட்டும் கேட்கமாட்டார்களே! உடற்கூறு சாஸ்திரம் என்று ஒரு பாடம். முயலை அறுத்துப் பார்க்கவேண்டும். வயிற்றில் சாப்பாடு எப்படிச் செரிக்கிறது என்று எழுதவேண்டும். அவருக்கு அது பிடிக்கவே இல்லை. நடுவில் சீதபேதி கண்டு மூன்று மாதம் ஊரில் படுத்துவிட்டார். 1906 டிசம்பரில் பரீட்சை எழுதினார். தோல்வி. அடுத்த வருஷம் கல்லூரியில் சேராமல் தனியாக எழுதினார். மறுபடியும் தோல்வி. உடற்கூறில் நூற்றுக்குப் பத்து மார்க்கூட வரவில்லை.

இருபது வயது. கையில் பட்டம் இல்லை. வேலை இல்லை. அந்தக் காலத்தில் எப்.ஏ. தோற்றவருக்கு நல்ல உத்தியோகம் கிடைப்பது குதிரைக் கொம்பு.

கும்பகோணத்து வீட்டுத் திண்ணையில் மடியில் சிலேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தாள் வாங்கப் பணம் இல்லை. சிலேட்டில் போடுவார், முழங்கையால் அழிப்பார், மறுபடி போடுவார். கடைசி விடையை மட்டும் நோட்டில் ஏற்றுவார். அழித்து அழித்து முழங்கை காய்த்துப் போயிற்று என்பார்கள். தெருவில் போகிறவர்கள் பார்த்துக்கொண்டே போவார்கள். பையன்களுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தாவது சம்பாதிக்கலாம் என்று பார்த்தார். அதுவும் சரிப்படவில்லை. பரீட்சைக்கு வேண்டியதைச் சொல்லாமல் வானத்துக்கு மேலே போய்விடுவார். பையன்கள் விழிப்பார்கள். அடுத்த வாரம் வரமாட்டார்கள்.

இந்த வருஷங்களில் அவருக்குச் சோறு போட்டது வீடு. தகப்பனாருக்கு வருத்தம் இருந்திருக்கும். ஆனாலும் இரண்டு வேளைச் சாப்பாடு நிற்கவில்லை. தாயாருக்கு மகன் மேல் இருந்த நம்பிக்கை கடைசிவரை அசையவே இல்லை. 1909-ம் வருஷம் ஜூலை மாதம் கலியாணத்தையும் செய்துவைத்தார். பெண் ஜானகிக்குப் பத்து வயது. அந்தக் காலத்து வழக்கம் அது. பெண் சில வருஷம் பிறந்த வீட்டில் இருந்தாள்.

உடம்பும் படுத்தியது. ஓர் அறுவைச் சிகிச்சை செய்யவேண்டியிருந்தது. பணம் இல்லை என்று அறிந்து ஒரு டாக்டர் இலவசமாகவே செய்தார். பின்னர் ஒரு தடவை உடம்பு மிகவும் மோசமானபோது, ராமானுஜம் தம் நோட்டுகளை ஒரு நண்பரிடம் கொடுத்தார். தாம் இறந்துவிட்டால் அவற்றைச் சிங்காரவேலு முதலியாரிடமோ, கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் ராஸ் துரையிடமோ சேர்க்கவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். தமக்குப் பிறகு நோட்டு என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலையாக இருந்தது.

திருக்கோவிலூரில் திறந்த கதவு

கலியாணம் ஆன பிறகு வேலை தேடித்தானே ஆகவேண்டும்? 1910-ல் நோட்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு புறப்பட்டார். தென்னாற்காடு ஜில்லா திருக்கோவிலூரில் டிப்டி கலெக்டராக இருந்தவர் வி. ராமசாமி ஐயர். உத்தியோகம் ரெவின்யூ இலாகாவில். ஆசை முழுதும் கணிதத்தில். இந்தியக் கணிதச் சங்கத்தை 1907-ல் தொடங்கியவர் அவரே. ராமானுஜம் அவரிடம் கேட்டது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. தாலுகா ஆபீசில் ஒரு குமாஸ்தா வேலை.

ராமசாமி ஐயர் நோட்டைப் புரட்டினார். அவர் நினைத்திருந்தால் அன்றைக்கே வேலை போட்டுக் கொடுத்திருக்கலாம். போடவில்லை. இந்த மூளையைப் பட்டாவிலும் அடங்கலிலும் புதைப்பது பாவம் என்று அவருக்குப் பட்டது. சென்னையில் இருந்த கணித நண்பர்களுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்து அனுப்பினார். வேலை கேட்டு வந்தவனுக்கு வேலையை மறுத்தது உபகாரம் ஆகுமா? இங்கே ஆயிற்று.

சென்னையில் மாநிலக் கல்லூரியில் சேஷு ஐயர் இருந்தார். முன்பு கும்பகோணத்தில் ராமானுஜத்துக்குப் பாடம் நடத்தியவர். அவர் மூலமாக, நெல்லூர்க் கலெக்டர் திவான்பகதூர் ராமச்சந்திர ராவுக்கு அறிமுகம் கிடைத்தது.

கலெக்டர் முன்னால் வந்து நின்றவரைக் கற்பனை செய்து பாருங்கள். குட்டையான உருவம். தடித்த உடம்பு. சவரம் செய்யாத முகம். அழுக்கு வேட்டி. கண்கள் மட்டும் பளிச்சென்று இருந்தன. கையில் கிழிந்த நோட்டு. கலெக்டருக்கும் கணிதம் தெரியும். ஆனால் இந்த நோட்டில் இருப்பது அவருக்குப் பிடிபடவில்லை. இவர் மேதையா, அல்லது மூளை கலங்கியவரா? முதல் நாள் முடிவு சொல்ல முடியவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார். இரண்டாவது தடவை வந்தார்; சந்தேகம் தீரவில்லை. மூன்றாவது தடவையும் அப்படியே. நாலாவது சந்திப்பில் ராமானுஜம், கலெக்டருக்குத் தெரிந்த எளிய இடத்திலிருந்து தொடங்கி, படிப்படியாக உயரக் கூட்டிக்கொண்டு போனார். கலெக்டர் அசந்துபோனார்.

ஜில்லாவை ஆளுகிற ஒரு கலெக்டர், பட்டம் இல்லாத ஒருவருக்காக நாலு தடவை உட்கார்ந்து, தமக்குப் புரியாத ஒன்றைப் புரிந்துகொள்ளப் பார்த்திருக்கிறார். ராமானுஜத்தின் சரித்திரத்தில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது.

என்ன வேண்டும் என்று கேட்டார் கலெக்டர். சாப்பாட்டுக் கவலை இல்லாமல் கணக்குப் போட வேண்டும். அவ்வளவுதான் ராமானுஜம் கேட்டது. நெல்லூரில் வைத்துக்கொண்டால் அவர் வளர முடியாது என்று கருதிய ராமச்சந்திர ராவ், அவரைச் சென்னைக்கே திருப்பி அனுப்பினார். மாதம் 25 ரூபாய் சொந்தப் பணத்திலிருந்து அனுப்பினார். இப்படி ஒரு வருஷம் போல் நடந்தது. அதற்கு அவர் கணக்குக் கேட்கவில்லை. பரீட்சை எழுது என்று நெருக்கவும் இல்லை.

மூன்று தடவை திரும்பி வந்த கட்டுரை

இந்த 25 ரூபாய்க் காலத்தில்தான் முதல் விளைச்சல் வந்தது. 1911-ல் இந்தியக் கணிதச் சங்கத்தின் பத்திரிகையில் ராமானுஜம் ஒரு புதிர் போட்டார். வர்க்கமூலத்துக்குள் ஒரு வர்க்கமூலம், அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று என்று முடிவே இல்லாமல் போகிற கணக்கு. அதன் மதிப்பு என்ன? ஆறு மாதம் வரை எந்த வாசகரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே சொன்னார். விடை 3.

அதே வருஷம் அவருடைய முதல் ஆராய்ச்சிக் கட்டுரையும் அதில் வெளிவந்தது. அது லேசில் வெளிவரவில்லை. பத்திரிகை ஆசிரியர் நாராயண ஐயங்கார் பெங்களூரில் பேராசிரியராக இருந்தவர். கட்டுரையைப் படித்தார். பத்து வரியில் சொல்லவேண்டியதை ஒரு வரியில் சொல்லியிருந்தது. திருப்பி அனுப்பினார். ராமானுஜம் திருத்தி அனுப்பினார். மறுபடி திரும்பி வந்தது. இப்படி மூன்று தடவை பெங்களூருக்கும் சென்னைக்கும் கட்டுரை நடந்தது. மறுத்து ஒரு கார்டு எழுதிப் போட்டிருந்தால் பத்திரிகை ஆசிரியருக்கு வேலை மிச்சம். அவர் அப்படிச் செய்யவில்லை.

ராமானுஜத்துக்கோ பிறர் பணத்தில் இருப்பது உறுத்திக்கொண்டே இருந்தது. அக்கவுண்டன்ட் ஜெனரல் ஆபீசில் 20 ரூபாய்ச் சம்பளத்தில் சில வாரம் தற்காலிக வேலை பார்த்தார். பிறகு சென்னைத் துறைமுகக் காரியாலயத்துக்கு மனுப் போட்டார். 1912-ம் வருஷம் மார்ச் முதல் தேதி அங்கே கணக்குப் பிரிவில் குமாஸ்தா ஆனார். மாதம் 30 ரூபாய். வீட்டில் முதல் தடவையாக நிம்மதி. ஜானகியும் மாமியாரும் சென்னைக்கு வந்து சேர்ந்தார்கள்.

துறைமுகத்தில் இரண்டு பேர்

அந்தக் காரியாலயத்தில் எல்லாருக்கும் மேலே தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங். அயர்லாந்து தேசத்து எஞ்சினீயர். அவருக்கு அடுத்த இடத்தில் எஸ். நாராயண ஐயர். இவரும் கணிதம் படித்தவர். கணிதச் சங்கத்தின் பொக்கிஷதார். புதிய குமாஸ்தா யார் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

பகலில் ராமானுஜம் பேரேடு எழுதினார். வேலை முடிந்தபின் கணக்குப் போட்டால் யாரும் தடுக்கவில்லை. இரவில் திருவல்லிக்கேணியில் நாராயண ஐயர் வீட்டு மாடியில் இரண்டு பேரும் ஆளுக்கு ஒரு சிலேட்டுடன் உட்காருவார்கள். நடுச் சாமம் வரை சிலேட்டுக் குச்சி கிறீச்சிடும். ராமானுஜம் இரண்டே படியில் விடைக்குத் தாவுவார். நாராயண ஐயர் விடமாட்டார். தமக்கே புரியாவிட்டால் மற்றவர்களுக்கு எப்படிப் புரியும்? நடுவில் இருக்கிற பத்துப் படிகளையும் எழுதவேண்டும் என்று பிடிவாதம் செய்வார். மேலதிகாரி தமக்குக் கீழே வேலை பார்க்கும் குமாஸ்தாவிடம், எனக்குப் புரியவில்லை என்று திரும்பத் திரும்ப ஒப்புக்கொள்வது எத்தனை ஆபீசில் நடக்கும்?

ஸ்பிரிங் துரைக்குக் கணிதத்தில் இவ்வளவு தூரம் தெரியாது. அதனால் தெரிந்தவர்களைத் தேடினார். துறைமுகத் தலைவர், தம் ஆபீசில் கடைசி வரிசையில் இருக்கும் ஒரு குமாஸ்தாவுக்காக இந்த வேலையைச் செய்தார். கடிதம் லண்டனுக்குப் போயிற்று. அங்கிருந்து பேராசிரியர் ஹில் பதில் எழுதினார். பிழைகளைச் சுட்டிக்காட்டி, இன்ன புத்தகம் படிக்கவேண்டும் என்று சொன்னார். திறமை உண்டு என்றார். அதற்கு மேல் போகவில்லை.

1913-ம் வருஷம் ஜனவரி 16-ந் தேதி ராமானுஜம் கேம்பிரிட்ஜில் இருந்த பேராசிரியர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். கூடவே நூற்றுக்கு மேற்பட்ட கணித முடிவுகள். ஹார்டியும் அவர் நண்பர் லிட்டில்வுட்டும் அன்று இரவு உட்கார்ந்து பார்த்தார்கள். எழுதியவர் மேதை என்று எழுந்தார்கள். பிப்ரவரி 8-ந் தேதி பதில் புறப்பட்டது.

கதையைச் சொல்கிறவர்கள் வழக்கமாக இங்கேதான் ஆரம்பிப்பார்கள். சீமையிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் கண்டுபிடித்தார் என்பார்கள். ஹார்டியின் பெருமை பெருமைதான். ஆனால் அந்தக் கடிதம் தபாலில் சேர்வதற்கு முன்னால் திருக்கோவிலூர், நெல்லூர், பெங்களூர், சென்னைத் துறைமுகம் என்று எத்தனை பேர் பந்தல் போட்டிருக்கிறார்கள்!

அதே விதி, வேறு முடிவு

பிப்ரவரி மாதக் கடைசியில் சிம்லாவிலிருந்து வானிலை இலாகாத் தலைவர் கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தார். அவரும் கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். ஸ்பிரிங் துரை அவரிடம் நோட்டைக் காட்டினார். மறுநாளே வாக்கர் சென்னைச் சர்வகலாசாலைக்குச் சிபாரிசு எழுதினார். இவருக்குச் சில வருஷம் சாப்பாட்டுக் கவலை இல்லாமல் செய்யவேண்டும் என்பது அதன் சாரம்.

சர்வகலாசாலைக்கும் விதி உண்டு. ஆராய்ச்சி உபகாரச் சம்பளம் வாங்க எம்.ஏ. பட்டம் வேண்டும். ராமானுஜமோ எப்.ஏ. கூடத் தேறாதவர். கும்பகோணத்தில் எட்டு வருஷத்துக்கு முன் எந்தச் சுவரில் முட்டினாரோ, அதே சுவர். இந்தத் தடவை உள்ளே இருந்தவர்கள் வழி தேடினார்கள். ஆராய்ச்சியை வளர்ப்பதற்காகவே சர்வகலாசாலை இருக்கிறது என்ற சட்டத்தின் நோக்கத்தைப் பிடித்துக்கொண்டார்கள். 1913 மே மாதம் முதல் இரண்டு வருஷத்துக்கு மாதம் 75 ரூபாய் என்று முடிவாயிற்று. பரீட்சை எழுதவேண்டாம். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை என்ன கண்டுபிடித்தார் என்று எழுதிக் கொடுத்தால் போதும்.

தோற்ற பையன், தோற்கடித்த அதே சர்வகலாசாலையிடம் சம்பளம் வாங்கினார்.

அடுத்த வருஷம் சர்வகலாசாலை அவரைச் சீமைக்கே அனுப்பியது. கடல் கடந்தால் ஜாதிப் பிரஷ்டம் என்று அஞ்சிய காலம். தாயாரின் சம்மதம் முதலில் கிடைக்கவில்லை. குலதெய்வமான நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் உத்தரவு கொடுத்ததாகச் சொல்வார்கள். 1914 மார்ச் 17-ந் தேதி கப்பல் ஏறினார். வருஷத்துக்கு 250 பவுன் உபகாரச் சம்பளம். அதில் தாயாருக்கு மாதம் 60 ரூபாய் சென்னையிலேயே கொடுக்க ஏற்பாடு. ஜானகிக்கு அப்போது பதினைந்து வயது நிறையப் போகிறது. ஐந்து வருஷம் அவர் கணவனைப் பார்க்கவில்லை.

சீமையில்

கேம்பிரிட்ஜிலும் ஒரு சங்கடம் வந்தது. ராமானுஜத்துக்குப் புதிய கணிதத்தில் யாரும் எட்டாத இடம் தெரியும். கல்லூரிப் பையனுக்குத் தெரிந்த சாதாரண விஷயம் சில தெரியாது. ஒரு முடிவை முறைப்படி நிரூபிப்பது என்றால் என்ன என்பதே அவருக்குத் தெளிவாக இல்லை. முதலிலிருந்து பாடம் படி என்று ஹார்டி உட்கார வைத்திருக்கலாம். அப்படிச் செய்தால் ஊற்று அடைபட்டுவிடும் என்று பயந்தார். வேண்டியதை வேண்டிய இடத்தில் சொல்லிக் கொடுத்தார். மற்றதை விட்டுவிட்டார்.

இரண்டு பேரும் சேர்ந்து செய்த ஒரு காரியத்தை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்லலாம். 4 என்ற எண்ணை எத்தனை விதமாகப் பிரித்து எழுதலாம்? 4, 3-ம் 1-ம், 2-ம் 2-ம், 2-ம் 1-ம் 1-ம், நாலு ஒன்றுகள். ஆக ஐந்து விதம். 5-க்கு ஏழு விதம். இப்படியே 200 வரை போனால்? 3 லட்சத்து 97 ஆயிரத்து 299 கோடியே 90 லட்சத்து 29 ஆயிரத்து 388 விதம். இதை ஒவ்வொன்றாக எண்ண மனிதனால் ஆகாது. சூத்திரம் ஒன்றின் மூலம் அந்த விடையைப் பிடிக்க ராமானுஜமும் ஹார்டியும் வழி கண்டார்கள். 1918-ல் அது வெளிவந்தது.

கார் நம்பர் 1729 கதை எல்லாருக்கும் தெரிந்தது. அதை விட்டுவிடுவோம்.

1916-ல் கேம்பிரிட்ஜ் அவருடைய ஆராய்ச்சிக்காகவே பி.ஏ. கொடுத்தது. உடற்கூறுப் பரீட்சை இல்லாமல் வந்த பட்டம். மறு வருஷம் டிரினிட்டி கல்லூரியில் அங்கத்தினராக்கும் பேச்சு வந்தபோது தட்டிவிட்டார்கள். ஹார்டி விடவில்லை. 1918-ல் ராயல் சொசைட்டியின் அங்கத்தினர் பதவி வந்தது. அக்டோபரில் டிரினிட்டியும் கதவைத் திறந்தது. அந்தப் பதவியை அடைந்த முதல் இந்தியர் அவர்.

ஆனால் உடம்பு விழுந்துவிட்டது. யுத்த காலம். சைவச் சாப்பாட்டுக்கு வேண்டிய காய்கறி கிடைப்பது கஷ்டம். குளிர் ஒரு பக்கம். 1917 முதல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக மாறினார். காசம் என்றார்கள் அன்றைய டாக்டர்கள். பழைய குறிப்புகளைப் பிற்காலத்தில் ஆராய்ந்த ஒரு டாக்டர், ஈரலைத் தாக்கும் சீதபேதிக் கிருமி நோயாக இருந்திருக்கலாம் என்று கருதினார். அது உண்மையானால், சரியான மருந்து கிடைத்திருந்தால் அவர் பிழைத்திருக்கக்கூடும்.

ஒரு கடிதம்

சென்னைச் சர்வகலாசாலை அவருக்கு மேலும் ஐந்து வருஷத்துக்கு வருஷம் 250 பவுன் கொடுப்பதாகத் தீர்மானித்தது. 1919 ஜனவரி 11-ந் தேதி, படுக்கையிலிருந்த ராமானுஜம் சர்வகலாசாலை ரிஜிஸ்திராருக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தத் தொகை தமக்கு அதிகம் என்று தெரிவித்தார். பெற்றோருக்கு வருஷம் 50 பவுன் கொடுக்கவேண்டும். தம் செலவு போக மீதியை, பள்ளிக்கூடச் சம்பளம் கட்ட முடியாத ஏழைப் பையன்களுக்கும் அநாதைகளுக்கும், அவர்கள் புத்தகத்துக்கும் பயன்படுத்தவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். 32 ரூபாய் கட்ட முடியாமல் வீட்டைவிட்டு ஓடியவர் எழுதிய கடிதம் அது.

மார்ச் 27-ந் தேதி பம்பாயில் இறங்கினார். பெயர் உலகம் எல்லாம் பரவிவிட்டது; உடம்பில் எலும்புதான் மிச்சம். சென்னை, கொடுமுடி, கும்பகோணம் என்று இடம் மாற்றிப் பார்த்தார்கள். கடைசியில் சென்னைச் சேத்துப்பட்டில் ஒரு வீடு. படுத்தபடியே தாளைக் கேட்டு வாங்கிக் கணக்குப் போட்டார். ஜானகி பக்கத்திலிருந்து ஒத்தடம் கொடுத்தார். 1920 ஜனவரியில் புதிய கண்டுபிடிப்பு ஒன்றைப் பற்றி ஹார்டிக்கு எழுதினார். ஏப்ரல் 26-ந் தேதி காலமானார். வயது 32. ஐந்து வருஷத்துக்கு என்று தீர்மானித்த உபகாரச் சம்பளத்தில் ஒரு வருஷம்தான் முடிந்திருந்தது.

அந்தக் கடைசி வருஷத்துத் தாள்கள் சீமைக்குப் போய் எங்கோ முடங்கின. 1976-ல் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணிதப் பேராசிரியர் டிரினிட்டி கல்லூரி நூல்நிலையத்தில் ஒரு பெட்டியில் அவற்றைக் கண்டெடுத்தார். நூற்றுக்கு மேற்பட்ட பக்கங்கள்.

ஜானகி அம்மாளுக்குச் சர்வகலாசாலை மாதம் 20 ரூபாய் கொடுத்தது. அவர் தையல் கற்றுக்கொண்டார். திருவல்லிக்கேணியில் குடியிருந்து, துணி தைத்தும், தையல் சொல்லிக் கொடுத்தும் ஜீவனம் செய்தார். தாயை இழந்த ஒரு பையனை எடுத்து வளர்த்துப் படிக்கவைத்தார். கணவன் போன பின் 74 வருஷம் வாழ்ந்து, 1994-ம் வருஷம் ஏப்ரல் மாதம் தம்முடைய 95-வது வயதில் காலமானார்.